பள்ளி வாசலில் தானியங்கி வேகக் கேமரா வைப்பது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

இரண்டு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

என் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு முன்னால் வேக வரம்பு 30 என்று பலகை இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதாகவே தெரியவில்லை. போன மாதம் காலையில், நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பையன் சாலையில் ஓடி வந்துவிட்டான், வந்த கார் அவனுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. அடி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிரேக் சத்தமும், அதற்கப்புறம் வாசலில் இருந்த அத்தனை பேரும் பேச்சற்று நின்றதும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது பெற்றோர்கள் சேர்ந்து, தானியங்கி வேகக் கேமரா வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கூட்டத்தில் பாதிப் பேர் உடனே சரி என்றார்கள். மீதிப் பேர், இது அபராதம் வசூலிக்கிற வேலை, வேகத்தடை போட்டால் போதும், கேமராவைத் தாண்டியதும் எல்லாரும் மறுபடி மிதிக்கத்தான் போகிறார்கள் என்கிறார்கள். அவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான், அதனால் அந்தப் பேச்சை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கேமரா உண்மையிலேயே வேகத்தைக் குறைக்கிறதா? தப்பாக அபராதம் வந்தால் என்ன செய்வது? மனுவில் என்ன கேட்க வேண்டும்?

தார்ச்சாலை எழுதியது:

சாலை வடிவமைப்பில் பல வருடமாக வேலை செய்கிறேன். முதலில் ஒரு கணக்கு, இதைக் கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல் நகரும், 50 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 14 மீட்டர். குறுக்கே பிள்ளை வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையில் 30-ல் வந்தவர் மொத்தம் 17, 18 மீட்டருக்குள் நின்றுவிடுவார். 50-ல் வந்தவர் அந்த ஒன்றரை நொடியிலேயே ஏறக்குறைய 21 மீட்டர் ஓடிவிடுகிறார். அதாவது முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது வண்டி பிரேக்கையே தொடாமல் அதே 50-ல் கடக்கிறது. 17-க்கும் 21-க்கும் நடுவில் இருக்கும் இந்த மூன்று நான்கு மீட்டரில்தான் ஒரு பிள்ளை தப்பிப்பதும் தப்பாததும் இருக்கிறது.

கேமரா குறைக்கிறதா என்றால், குறைக்கிறது. 2010-ல், ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு உலகம் முழுவதும் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கேமரா இருக்கும் இடங்களைச் சுற்றி உயிரிழப்பு, பலத்த காயம் ஏற்படும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாக வந்தது. ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு தரம், எண்ணிக்கையில் இத்தனை வித்தியாசம் இருப்பதற்கு அதுவும் காரணம், ஆனால் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. பள்ளிப் பகுதிக்கென்றே பெரிய அளவில் வைத்த ஊர் நியூயார்க். 2013-ல் சட்டம் வந்தபோது 20 பள்ளிப் பகுதிகளில் சோதனையாகத் தொடங்கி, 2019-ல் 750 பகுதிகள் வரை வைக்க அனுமதி வாங்கினார்கள். வார நாட்களில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை 2022 ஆகஸ்டிலிருந்து எல்லா நாளும் நாள் முழுக்க ஓட விட்டார்கள். கேமரா இருக்கும் இடங்களில் வேக மீறல் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக நகரத்தின் சொந்தக் கணக்கு சொல்கிறது.

தாண்டியதும் மிதிப்பார்கள் என்று உங்கள் கூட்டத்தில் சொன்னவர்கள் சொல்வதும் உண்மை. கேமராவுக்கு முன்னால் சட்டென்று பிரேக், தாண்டியதும் ஆக்சிலரேட்டர், இதை எங்கள் துறையில் கங்காருத் தாவல் என்பார்கள். இதற்கு வழி சராசரி வேகக் கேமரா. பகுதியின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. இரண்டும் நம்பர் பிளேட்டைப் படித்து, இடைப்பட்ட தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தீர்கள் என்று கணக்கிடும், நடுவில் எங்கே மிதித்தாலும் தெரிந்துவிடும். ஆனால் நடுவில் கிளைத் தெருக்கள் நிறைய இருந்தால் இது அவ்வளவு சரிப்படாது, உங்கள் சாலையின் அமைப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தினமும் ஸ்டியரிங் எழுதியது:

வண்டி ஓட்டித்தான் பிழைக்கிறேன். பள்ளி முன்னால் மெதுவாகப் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு சாலையில் புதிதாகக் கேமரா வைத்திருந்தார்கள், வேக வரம்புப் பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தது. முதல் நோட்டீஸ் வீட்டுக்கு வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அதே சாலையில், அதே வேகத்தில், தெரியாமலே போய் வந்திருக்கிறேன். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக நோட்டீஸ் வந்துகொண்டே இருந்தது. முதல் வாரமே ஒரு கடிதம் வந்திருந்தால் மறுநாளே மெதுவாகப் போயிருப்பேன். என் வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஏன் ஐந்து வாரம்?

பணம் பிடுங்குகிறார்கள் என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது, அதைச் சொல்கிறவர்களைத் திட்டிப் பயனில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். சிவப்பு சிக்னலில் நின்றிருந்த காருக்கு மணிக்கு 38 மைல் வேகத்தில் போனதாக அபராதம் வந்தது, பத்திரிகை அதைத் தோண்டி எடுத்து 2012-ல் வெளியிட்டது. அடுத்த வருடமே திட்டத்தை நிறுத்த வேண்டியதாகிவிட்டது, மறுபடி தொடங்க 2017 வரை ஆனது. அதற்கு நடுவில் அங்கே இருந்த பிள்ளைகளுக்கு யார் பாதுகாப்பு? கேமராவை நடத்தும் ஒப்பந்தக்காரருக்கு எத்தனை அபராதமோ அத்தனைக்குக் கூலி என்று பேசினால், தப்பான அபராதத்தைத் தடுக்க அவருக்கு என்ன அவசரம் இருக்கப் போகிறது? மனுவில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

தார்ச்சாலை எழுதியது:

ஸ்டியரிங் நண்பர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், நோட்டீஸ் தாமதம் உண்மையிலேயே பெரிய குறை. தப்பான அளவு விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். ரேடாரில் வரும் ஒரே ஓர் எண்ணை நம்பி அபராதம் போடக் கூடாது. சாலையில் சம இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள், கேமரா குறிப்பிட்ட இடைவெளி விட்டு இரண்டு படம் எடுக்கும், அந்த நேரத்துக்குள் வண்டி எத்தனை கோடு தாண்டியது என்று கண்ணாலேயே எண்ணிப் பார்க்கலாம். நின்றிருந்த கார் என்றால் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில்தானே இருக்கும். படம் இரண்டையும் நோட்டீஸோடு அனுப்ப வேண்டும், அதை ஒரு மனிதர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், கருவியைச் சரிபார்த்த தேதியும் அதிலேயே இருக்க வேண்டும். இதைச் செய்ய முடியாது என்கிற நிர்வாகத்திடம் கேமராவைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

எல்லாரும் ஓட்டுநரைப் பற்றியே பேசுகிறீர்கள், பிள்ளைகள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குச் சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுங்கள், கேமரா எதற்கு என்று சிலர் சொல்வார்கள். நான் வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். வலம் பார், இடம் பார், மறுபடி பார் என்று ஒப்பிப்பார்கள், பார்க்கவும் செய்வார்கள். ஆனால் நேராக எதிரே வேகமாக வரும் வண்டி அவர்கள் கண்ணுக்கு வேகமாகத் தெரிவதே இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டியின் வேகத்தைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளால் நம்பகமாகக் கணிக்க முடியவில்லை என்று அதில் கண்டார்கள். பயிற்சி கொடுத்தாலும் எட்டு வயதுக் கண் எட்டு வயதுக் கண்தான். அவர்களால் கணிக்க முடிகிற வேகத்துக்குப் பெரியவர்கள்தான் இறங்கி வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் வருத்தப்படாதீர்கள். எங்கள் வாசலில் வேகமாக வருகிறவர்களில் பாதிப் பேராவது எனக்குத் தெரிந்த முகங்கள். பிள்ளையை இறக்கிவிட்டு வேலைக்கு ஓடும் அப்பா அம்மாக்கள். 300 மீட்டர் தூரத்தை 50-ல் போனால் 22 நொடி, 30-ல் போனால் 36 நொடி. பதினான்கு நொடி.

பக்கத்து இருக்கை எழுதியது:

கனடாவின் டொராண்டோ நகரத்து விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. அங்கே சுமார் 250 பள்ளிப் பகுதிகளை வைத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு 2025-ல் வந்தது, வரம்பை மீறிய வண்டிகளின் விகிதம் 45 சதவீதம் குறைந்திருந்தது. அதே வருடம் நவம்பரில், அந்த நகரம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு வேகக் கேமராக்களையே மொத்தமாகத் தடை செய்துவிட்டது. மாகாண முதல்வர் சொன்ன காரணம், பணம் பறிக்கிறது என்பதுதான். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்று இப்படிப் போனதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்தக் காரணத்தைச் சொல்ல யாருக்கும் இடம் கொடுக்காமல் தொடங்குவதுதான் உங்கள் மனுவின் வேலை. வசூலாகும் தொகை பொதுக் கணக்கில் கரையாமல் அதே பகுதியின் நடைபாதைக்கும், உயர்த்திய ஜீப்ரா கிராசிங்குக்கும் போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டீச்சர் அம்மா சொன்ன பதினான்கு நொடியை வாசித்துவிட்டு என் மனைவியிடம் காட்டினேன். நாங்களும் அந்த வாசலில் 30-ல் போனதில்லை என்பதை இருவருமே ஒப்புக்கொண்டோம்.

மனுவை மாற்றி எழுதுகிறேன். கேமரா வேண்டும் என்று மட்டும் கேட்கப் போவதில்லை. முதல் ஒரு மாதம் அபராதம் இல்லாமல் எச்சரிக்கைக் கடிதம் மட்டும், அதற்கப்புறம் மீறல் நடந்த ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ், அதோடு இரண்டு படமும், ஒப்பந்தக்காரருக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பணம் எங்கே போகிறது என்பதைப் பள்ளிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் சேர்க்கிறேன். தார்ச்சாலை சார், கிளைத் தெரு இரண்டு இருக்கிறது, ஒன்று வாசலுக்கு நேர் எதிரே. அப்படியானால் சராசரி வேகக் கேமரா சரிப்படுமா?

தார்ச்சாலை எழுதியது:

நேர் எதிரே தெரு இருந்தால் சராசரி முறை வேண்டாம். ஒரே கேமரா, வாசலுக்கு நன்றாக முன்னாலேயே, ஒளிக்காமல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, வருகிறவர் வேகத்தை எண்ணாகக் காட்டும் பலகையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வாசலுக்கு நேரே கிராசிங்கை உயர்த்திக் கட்டினால் தாண்டியதும் மிதிக்க முடியாது. அந்த மரக்கிளை விஷயத்தையும் மறக்காதீர்கள், பலகை தெரிகிறதா என்று மனு கொடுக்கிற முன்னாலேயே நீங்களே ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள்.