ஆட்டிசம் ஏற்புக்காகப் பள்ளியில் நிதி திரட்டும் ஓட்டம்: நடத்தலாமா, கூடாதா?

மைதானம்:
ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டால் பழகும் விதமும் உணரும் விதமும் மாறியிருக்கும் நிலைதான் ஆட்டிசம். ஐ.நா. பொதுச்சபை 2007-ல் அறிவித்தது, 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள். நான் உடற்கல்வி ஆசிரியர். அந்த வாரத்தில் எங்கள் பள்ளியில் ஒரு விளையாட்டு நாள் நடத்த நினைக்கிறேன். மாணவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள். சுற்றுக்கு இவ்வளவு என்று உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் முன்பே ஒப்புக்கொண்டு நன்கொடை தருவார்கள். எல்லாருக்கும் நீல டி-ஷர்ட். சேரும் பணம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு. ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கு இதில் தவறு எதுவும் தெரியவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தாரகை:
நானும் எதிர்க்கிறேன் சார். என் மகனுக்கு ஆட்டிசம். வருடத்தில் அவனுக்கு மிகவும் கஷ்டமான நாளே விளையாட்டு நாள்தான். காலையிலிருந்து மைக் அலறும், விசில் காதைக் கிழிக்கும், எப்போது எந்த வகுப்பு என்பதே தலைகீழாகிவிடும். அவன் பெயரைச் சொல்லி நடக்கும் விழா அன்று அவனை நான் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஓடிக் களைத்து, நல்லது செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அவன் பள்ளிக்கு வரும்போது அவனுக்கு என்ன மாறியிருக்கும்?

கணக்குப்பிள்ளை:
அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பணத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். பள்ளியில் ஓர் அமைதியான அறை வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும், கூடவே இருந்து கவனிக்க ஓர் உதவியாளர் வேண்டும். நல்ல மனது மட்டும் இருந்தால் இதெல்லாம் நடக்காது. நிர்வாகத்திடம் கேட்டால் நிதி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஓட்டம் வைத்துப் பணம் சேர்ந்தால் அந்தச் சாக்காவது போகும். ஒன்று மட்டும் கட்டாயம்: பணம் எதற்கு என்று ஓட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்ட வேண்டும். 'ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு' என்று பொதுவாகச் சொல்லி வாங்கும் பணம் எங்கே போனதென்று பிறகு யாருக்கும் தெரியாது.

ஓரமாய்_ஒருவன்:
எனக்கும் ஆட்டிசம். வளர்ந்த பிறகுதான் தெரியவந்தது. அதனால் பள்ளிக்காலம் முழுக்க 'சோம்பேறி', 'ஒட்டாதவன்' என்ற பட்டங்களோடு மைதானத்தின் ஓரத்தில் நின்றவன்.

தாரகை அம்மா சொல்லும் சத்தப் பிரச்சினையைப் பலர் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகப் பார்க்கிறார்கள். ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 மருத்துவக் கையேடே சேர்த்திருக்கிறது. அந்த நீல டி-ஷர்ட்டையே பாருங்கள். புதுத் துணியும் கழுத்துப் பின்னால் உள்ள லேபிளும் சிலருக்கு நாள் முழுக்கத் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். வந்தவுடன் முதல் தண்டனை அதுதான்.

ஆனால் ஓட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளியில் எனக்குக் கொஞ்சமாவது பிடித்த விளையாட்டு நெடுந்தூர ஓட்டம்தான். யார் எப்போது பந்தைத் தள்ளுவார்கள் என்று முகம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பது தெளிவாக இருக்கும். என்னை நோகடித்தது வேறு. இரண்டு கேப்டன்கள் நின்று ஆள் பிரிப்பார்கள், கடைசியில் நான் மிஞ்சுவேன், 'இவனையும் நீயே வைத்துக்கொள்' என்று பேரம் நடக்கும். மைதானம் சார், ஏற்பு என்று எதையாவது செய்ய நினைத்தால் அந்த ஆள் பிரிக்கும் வழக்கத்தை உங்கள் வகுப்பில் நாளையே நிறுத்துங்கள். அதற்கு நன்கொடை தேவையில்லை.

பத்தாம்_வகுப்பு_அப்பா:
எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், மறுபக்கத்தை நான் சொல்கிறேன். என் மகள் வருடம் முழுக்க இந்த ஒரு நாளுக்காகப் பயிற்சி எடுக்கிறாள். கைதட்டும் கூச்சலும் இல்லாமல் விளையாட்டு நாள் எதற்கு? இரண்டு மூன்று பேருக்காக எல்லாருடைய சந்தோஷத்தையும் குறைப்பது சரியா? அவர்களுக்குத் தனியாக வேறு ஏதாவது செய்யலாமே.

தாரகை:
இரண்டு மூன்று பேர் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 2021-ல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஓரமாய் ஒருவன் போல இன்னும் கண்டறியப்படாத பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், உங்கள் மகளின் தோழிகளில்கூட. 'தனியாக வேறு ஏதாவது' என்பதைத்தான் நாங்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மைதானம்:
ஒரு வழி தோன்றுகிறது. முதல் ஒரு மணி நேரம் மைக் இல்லை, விசில் இல்லை. கொடி அசைத்துத் தொடங்கலாம். காது கேளாதோர் ஓட்டப் போட்டிகளில் விளக்கு ஒளியைக் காட்டித் தொடங்குகிறார்கள், அதனால் ஓட்டம் கெட்டுப்போவதில்லை. அதற்குப் பிறகு வழக்கமான போட்டிகள், ஆரவாரத்தோடு. இன்னொன்று, சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பு 1968 முதல் செய்துவருவதையே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமே?

ஓரமாய்_ஒருவன்:
சிறப்பு ஒலிம்பிக்ஸ் பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்து உருவானது. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் அந்தக் குறைபாடு இருப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் கணக்கில் முதலிடம் வாங்கும் பிள்ளையிடம் நான்கு வயதுக் குழந்தையிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அங்கிருந்து எடுக்க வேண்டியது கலப்பு அணி முறையை மட்டும்: குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடுவது.

அமைதியான அந்த ஒரு மணி நேரத்தை நான் ஆதரிக்கிறேன்.

தாரகை:
இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை தம்பி. ஒரு மணி நேரம் முடிந்ததும் 'இனி நீங்கள் போகலாம், உண்மையான விளையாட்டு நாள் தொடங்குகிறது' என்று ஆகிவிடும். மைக்கை நாள் முழுக்கக் குறைத்து வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? பத்தாம் வகுப்பு மகள் ஓடும்போது பிள்ளைகள் கத்தட்டும், அது பிள்ளைகளின் குரல். காதுக்கு மேல் ஸ்பீக்கரை அலறவிடுவது பெரியவர்கள் செய்யும் வேலை.

ஓரமாய்_ஒருவன்:
அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் நானும் ஓடியிருப்பேன் அம்மா. எல்லாருக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. சிலருக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்கவே பிடிக்கும். சத்தத்தைத் தேடிப் போகும் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் பள்ளியில் இருக்கும் அந்தப் பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள் என்கிறேன். பேசாத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கலாம்.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம், 2012-ல் ஒன்றை எழுதினார்: எங்களுக்கு மற்றவர்களைப் புரிவது கடினமாக இருக்கும் அளவுக்கு மற்றவர்களுக்கும் எங்களைப் புரிவது கடினம், குறை இரண்டு பக்கமும் இருக்கிறது. பள்ளிகள் எங்கள் பக்கத்தை மட்டும் திருத்தப் பார்க்கின்றன.

பத்தாம்_வகுப்பு_அப்பா:
ஸ்பீக்கர் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். கைதட்டலைத் தடை செய்தால் எதிர்ப்பேன். போட்டியில் முதல், இரண்டாம் இடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
போட்டி இருக்கட்டும், பணம் திரட்டும் ஓட்டத்தில் மட்டும் முதல், இரண்டாம் இடம் வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றுக்கு இவ்வளவு என்றால் குறைவாக ஓடுகிற பிள்ளை குறைவாகச் சம்பாதித்த பிள்ளையாகிவிடுவான். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கலாம். நடந்தாலும், பாதியில் நின்றாலும் அதே தொகை.

அப்புறம், மேடையில் எந்தப் பிள்ளையையும் அழைத்து 'இவருக்காகத்தான்' என்று காட்டக் கூடாது. சில வீடுகளில் அந்தப் பிள்ளைக்கே இன்னும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மைதானம்:
ஆளுக்கு ஒரே தொகை, டி-ஷர்ட் இல்லை, மேடை இல்லை. இந்த மூன்றையும் எழுதிக்கொண்டேன். அமைதி மணி நேரமா, நாள் முழுக்கவா என்பதை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டு முடிவு செய்கிறேன். ஆனால் ஓட்டத்தைக் கைவிடமாட்டேன். இந்த ஓட்டத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை என்றால் எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே வந்திருக்காது.

தாரகை:
சரி சார். என் எதிர்ப்பு முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் என் மகன் வர என்ன வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு வாரம் முன்பே அன்றைய நிகழ்ச்சி நிரல் படங்களோடு கையில் வேண்டும், அன்று காலை அதை மாற்றக் கூடாது. ஓடும் பாதையை முந்தின நாள் காலி மைதானத்தில் அவன் நடந்து பார்க்க வேண்டும். தாங்க முடியாமல் போனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் போய் உட்கார ஓர் அறை, அங்கே அவனுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர். அவன் கையை உதறினாலோ ஓரிடத்தில் நின்று குதித்தாலோ யாரும் பிடித்து நிறுத்தக் கூடாது. இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கூட்டி வருகிறேன். அந்த அறை ஏப்ரல் முடிந்த பிறகும் திறந்திருக்க வேண்டும், சேரும் பணத்தில் முதல் செலவும் அதற்குத்தான்.