‘மிஸ்ஸிங்’ பழுதுக்கு ‘எரிதவறல்’: ஒரு மறுமொழி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பெட்ரோல் சரக்கு வண்டிகளுக்கான பழுதுநீக்கக் கையேட்டுக்காக இங்கே இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஓடும் எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவதை மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள்; அந்தப் பழுதுக்குப் ‘பொறித்தவறு’ என்றும், சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கெட்டுப்போகும் நிலைக்குச் ‘செருகி அடைப்பு’ என்றும் நண்பர்கள் எழுதியிருந்தனர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ‘பொறித்தவறு’. தமிழில் பொறி என்பது தீப்பொறியையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும். ‘உள்ளெரி பொறி’ என்று எஞ்சினுக்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்ட பிறகு, அதே நூலில் ‘பொறித்தவறு’ என்று எழுதினால், எஞ்சினே கெட்டுவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதைவிடப் பெரிய குறை, பழுதின் காரணத்தை அந்தச் சொல் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது என்பது. ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவதற்குத் தீப்பொறி வராதது ஒரு காரணம் மட்டுமே. பெட்ரோலும் காற்றும் உரிய அளவில் கலக்காவிட்டாலும், வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) குறைந்துவிட்டாலும், தீப்பொறி நன்றாக இருக்கும்போதே அந்தச் சிலிண்டர் எரியாமல் போகலாம். ஸ்பார்க் பிளக்கே இல்லாத டீசல் வண்டியிலும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெட்டால் இதே மிஸ்ஸிங் வருகிறது. அங்கே எந்தப் பொறி தவறியது என்று சொல்வோம்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு ஒரு சான்று. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில், நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்கு நான்கு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப் ஒன்று வந்திருந்தது. (பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லை என்று அதன் உரிமையாளர் முறையிட்டதைக் கேட்டபோது, ‘சிறு சரக்குந்து’ என்ற சொல்லின் தேவையும் விளங்கியது.) மெக்கானிக் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, உறை போட்ட குறட்டினால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்று, மூன்று, நான்காம் ஒயர்களைக் கழற்றியபோது எஞ்சின் தடுமாறியது; இரண்டாவதைக் கழற்றியபோது ஓசையில் மாற்றமே இல்லை, அதாவது அந்தச் சிலிண்டர் முன்பே எரியவில்லை. பிளக்குகளைக் கழற்றி, மட்கார்டின்மேல் விரித்த செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். மூன்று பிளக்குகளின் முனை வெளிர்ப் பழுப்பாக இருந்தது; இரண்டாவது மட்டும் ஈரமாகவும் கன்னங்கரேலென்றும் இருந்தது, தாளில் எண்ணெய் ஊறியது. புதுப் பிளக் போட்டதும் மிஸ்ஸிங் நின்றது. சில நாளில் அதே சிலிண்டரில் அதே ஈரக் கரியுடன் திரும்பி வந்தது. அதன்பின் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் இரண்டாம் சிலிண்டரின் அளவு குறைவாக இருந்தது. பிளக் துளை வழியாகச் சிறிது எண்ணெய் ஊற்றி மறுபடி பார்த்தபோது, தேய்ந்த ரிங்கின் இடைவெளியை எண்ணெய் அடைத்ததால் அளவு ஏறியது. எண்ணெய் ஊற்றியும் ஏறாதிருந்தால் வால்வைச் சந்தேகித்திருக்க வேண்டும். “பிளக் இன்னா சார் பண்ணும்? ரிங் போயிட்டுது, அதான் ஆயில் மேல ஏறுது” என்றார். ‘பொறித்தவறு’ என்று தலைப்பிட்ட கையேட்டை நம்பியவர், பிளக்குக்கு மேல் பிளக்காக வாங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே நடக்க வேண்டிய செயலையே சொல்லில் வைப்போம். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிய வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது அது ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 முறை. அவற்றுள் ஒன்றோ பலவோ நிகழாமல் போவதே இந்தப் பழுது. ‘எரிதவறல்’ என்பது என் பரிந்துரை. ‘தவறு’ என்றால் பிழை என்றே தோன்றும் என்று ஒருவர் மறுக்கக்கூடும். ஆனால் தவறிய அழைப்பு என்றும், பேருந்தைத் தவறவிட்டேன் என்றும் நாம் நாள்தோறும் சொல்கிறோம். ‘இரண்டாம் சிலிண்டர் எரிதவறுகிறது’ என்று வினையாகவும் வருகிறது. அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த ‘தவறான எரிதல்’ இதற்குப் பொருந்தாது. அது எரிந்தது, ஆனால் முறைகெட்டு எரிந்தது என்ற பொருளைத் தரும். பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொள்வதை ‘முன்னெரிதல்’ என்றும், சைலன்சரிலோ, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலோ வெடிப்பதைப் ‘பின்வெடிப்பு’ என்றும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ‘அடைப்பு’. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டில் துளை உண்டு, அது அடைத்துக்கொள்ளும். பிளக்கில் நிகழ்வது பெரும்பாலும் வேறு. நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கின்மேல் கரி படிந்தால், அது மின்சாரத்துக்கு ஒரு வழியாகிவிடுகிறது. இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டிய மின்சாரம், அந்தக் கரியின் வழியே பிளக்கின் உலோக உடலுக்குக் கசிந்து போகிறது. துரு பிடிக்கிறது, பாசி பிடிக்கிறது என்பதுபோலப் ‘பிளக்கில் கரி பிடித்திருக்கிறது’ என்று பட்டறையில் சொல்வது, நம் அகராதிகளைவிடத் துல்லியமானது. பொதுச்சொல்லாக ‘மாசுபிடிப்பு’ என்றும், வகைகளாகக் ‘கரிபிடிப்பு’, ‘எண்ணெய்பிடிப்பு’ என்றும் கொள்ளலாம். ‘படிவு’ என்ற சொல்லை இதற்குச் செலவழிக்க வேண்டாம். நல்ல பிளக்கிலும் மெல்லிய பழுப்புப் படிவு இருக்கும், அது நோயன்று.

கையேட்டில் இந்தப் பதிவின்கீழ்க் காரணமும் வர வேண்டும். மூக்கின் வெப்பம் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். கடலூர் முதுநகரில் மீன் பெட்டி ஏற்றக் காத்திருக்கும் நேரமெல்லாம் ஐடிலில் நின்று, குறுகிய தூரமே ஓடும் வண்டியில் பிளக் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் திறக்காமல் சிக்கிக்கொண்டாலும், ஏர் ஃபில்டர் அழுக்கேறினாலும் பெட்ரோல் மிகுந்து உலர்ந்த கரி பிடிக்கும். துறைமுகப் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பிளக்கின் வெளிப்பீங்கானிலும் ஒயரிலும் மின்சாரம் ஒழுகும், இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால் நீலமாக மின்னுவது தெரியும். இது மாசுபிடிப்பு அன்று. ‘புறக்கசிவு’ என்று தனிப்பதிவாக இருக்கட்டும்.

சிலிண்டரை ‘உருளை’ ஆக்குவது குறித்து எனக்கு அவசரமில்லை. சூட்டு பிளக் (வெப்பத்தைத் தேக்குவது), குளிர் பிளக் (வெப்பத்தை விரைவில் வெளியேற்றுவது) என்னும் வகைப்பாட்டுக்கு ‘வெப்பத் தரம்’ சரியா என்பதைப் பட்டறை நண்பர்களிடம் கேட்டு யாரேனும் எழுதினால், இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.