மறு: நம்ம தம்பியின் நாலு பக்கம் – நான் வாசித்தது

அன்பின் ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம தேயிலைத் தோட்டத்துத் தம்பி இலங்கையில் மாகாண சபைத் தேர்தலில் நிற்பதற்காக எழுதிய நாலு பக்கத் துண்டுப்பிரசுரத்தை நம் ஊர்ச் சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் அனுப்பினார். அதை இரவு வேலை முடிந்து வரும் பஸ்ஸில் வாசித்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தேன். அதற்குள் குழுவில் பதினேழு மடல் வந்துவிட்டது. டொரொண்டோ அண்ணன் தம்பியின் தேர்தல் செலவுக்குச் சங்கக் காசில் இரண்டு இலட்சம் கொடுத்துவிடலாம் என்கிறார். தமிழ்நாட்டுக் கூடலூரில் இருக்கும் மாமா, "எங்க அப்பாவைக் கப்பல்ல ஏத்தி விட்ட நாட்டுத் தேர்தல்ல எனக்கென்ன வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கட்டாரில் இருக்கும் தம்பிமார் கைதட்டும் படம் போட்டதோடு சரி. அந்த நாலு பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பேசவில்லை. நான் பேசுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பிரிவுப் பையன். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்கள். 10,000 ரூபா கொடுப்பனவுக்கு உதவி ஆசிரியராகச் சேர்ந்து, பாதியைப் பஸ்ஸுக்கே கொடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் பல்லைக் கடித்து நின்றவர். அவர் மேல் எனக்குப் பிரியம்தான். அந்த உரிமையில்தான் குறையும் சொல்கிறேன்.

அவர் நிற்கப்போவது மத்திய மாகாண சபைக்கு. கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து 58 உறுப்பினர்கள். கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21இல். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்காகத் தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றமே தோற்கடித்தது. அந்த வருடமே சபையின் காலமும் முடிந்தது. அன்றிலிருந்து பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, ஆளுநர்தான் எல்லாம். ஆக, திகதி குறிக்காத கல்யாணத்துக்குத் தம்பி பந்தல் போடுகிறார். போடட்டும். கடைசி வாரத்தில் சேலையும் சாராயமும் கொண்டுவருகிறவர்களை விட, இப்போதே எழுதிக் கையில் கொடுக்கிறவர் மேல்.

நான் வாசித்த விதம் இதுதான்: ஒவ்வொரு வாக்குறுதிக்குப் பக்கத்திலும் பென்சிலால் "சபை" அல்லது "கொழும்பு" என்று எழுதிக்கொண்டு போனேன். அதாவது, அவர் வென்று சபையில் உட்கார்ந்தால் அந்தக் காரியம் அவர் கையில் இருக்குமா, இல்லை கொழும்பில் மத்திய அரசாங்கத்தில் யாரோ ஒருவர் கையில் இருக்குமா. முதல் பக்கம் முழுக்கக் கொழும்பு.

நாட்சம்பளம் 2,500 ரூபா என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1,350ஐ 1,550 ஆக்கி, அதன் மேல் வேலைக்கு வரும் நாளுக்கென்று அரசாங்கம் 200 ரூபா வரவுக் கொடுப்பனவு போட்டு 1,750 என்று வந்ததே, அதற்கே எத்தனை வருட இழுபறி. சம்பளம் பேசுவது கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் தொழில் அமைச்சும். மாகாண சபைக்கு அந்த மேசையில் நாற்காலியே கிடையாது. தம்பிக்கும் இது தெரியும். மேடையில் சம்பளத்தைச் சொல்லாவிட்டால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க விடமாட்டார்கள் என்பதால் எழுதியிருக்கிறார். அதனால் அதைத் தாண்டிப் போகிறேன்.

வரிப் பகுதியில்தான் எனக்கும் அவருக்கும் நிஜமான சண்டை. "அத்தியாவசியப் பொருட்களின் வற் வரியைக் குறைக்கப் பாடுபடுவேன்" என்கிறார், பெறுமதி சேர் வரியைத்தான் சொல்கிறார். 2024 ஜனவரியில் அது 15இலிருந்து 18 வீதமானது. சவர்க்காரம் வாங்கும் என் சித்திக்கும், கொழும்பில் கடை வைத்திருக்கும் முதலாளிக்கும் ஒரே 18. அநியாயம்தான். ஆனால் பென்சில் "கொழும்பு" என்றுதான் எழுதியது. மாகாணத்துக்கு என்று இருந்த வியாபாரப் புரள்வு வரியையும் 2011இல் கொழும்பு எடுத்துக்கொண்டது. இப்போது சபைக்கென்று சொல்லிக்கொள்ள மிச்சமிருப்பது காணி, வாகனம் கைமாறும்போது விழும் முத்திரைத் தீர்வை, வாகன வரிப்பத்திரக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், சாராயக் கடை உரிமக் கட்டணம், இப்படிச் சில. மீதிக்கெல்லாம் நிதி ஆணைக்குழு வழியாக வரும் காசைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

சாராயக் கடை என்றதும் ஒன்று. மூன்றாம் பக்கத்தில், தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தவறணைகளை மூடவைப்பேன் என்று எழுதியிருக்கிறார். சம்பள நாளன்று எங்கள் லயத்தில் எத்தனை வீட்டில் அடுப்பெரியவில்லை என்று எண்ணி வளர்ந்தவள் நான். இதை எழுதியதற்காகவே அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. வாக்குப் போகும் என்று தெரிந்தும் எழுதியிருக்கிறார். ஆனால் தம்பி, உரிமம் கொடுப்பது மதுவரித் திணைக்களம், கட்டணம் வந்து சேர்வது உங்கள் சபைக்கு. கடையை மூடினால் உங்கள் பெட்டியில்தான் காசு குறையும். அதை எதை வைத்து நிரப்புவீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

சண்டை என்றேனே, அது சோலை வரியில், அதாவது பிரதேச சபைக்குக் கட்டும் வீட்டு வரியில். தனி வீடு கிடைத்த தோட்டக் குடும்பங்களிடம் பத்து வருடத்துக்குப் பிரதேச சபை சோலை வரி அறவிடக் கூடாது, அதற்கு அழுத்தம் கொடுப்பேன் என்கிறார். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

1987இன் பிரதேச சபைச் சட்டப்படி சபைகள் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாமல் இருந்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். வோட்டுக்கு நாம் சபைக்கு உள்ளே, ரோட்டுக்கு வெளியே. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடம் "உங்கள் ரோடு தோட்டத்து ரோடு, துரையிடம் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பியவர்களிடம், இப்போது "எங்களிடம் வரி மட்டும் கேட்காதீர்கள்" என்றால், பழைய பதிலுக்கு நாமே வழி காட்டியது போல ஆகாதா?

என் கதை ஒன்று இருக்கிறது. தாதிப் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தபோது எங்கள் லயத்துக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவு, அப்பாவின் பெயர், அவ்வளவுதான். கடிதம் ஆபிசுக்கு வந்து, மேசை மேல் ஒன்பது நாள் கிடந்தது. அப்பா வேறு ஏதோ காரியமாகப் போனவர் கண்ணில் பட்டு எடுத்து வந்தார். அடுத்த நாள் காலை கொழும்பில் நிற்க வேண்டும். இரவு ரயிலில் ஹட்டனில் ஏறி நின்றுகொண்டே போனேன். வருடத்துக்கு ஐந்நூறு ரூபாயாவது கட்டி, என் பெயரும் வீட்டு இலக்கமும் அச்சடித்த பற்றுச்சீட்டு ஒன்று அம்மா கையில் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். பத்து வருட விலக்கு வேண்டாம். குறைந்த வரியும், வீட்டு இலக்கமும், வாசலுக்கு வரும் தபால்காரரும் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இனிக் கல்வி. இதில்தான் "சபை" என்று மளமளவென்று எழுத முடிந்தது. தேசிய பாடசாலைகளைத் தவிர மற்றதெல்லாம் மாகாணத்தின் கையில். தோட்டத்துப் பாடசாலைகள் அநேகமாக எல்லாமே அதில் அடங்கும். தம்பி நாலு பக்கத்தில் இதற்குக் கொடுத்த இடம் அரைப் பக்கம்!

அந்த அரைப் பக்கத்திலும் முதல் வரி, எல்லாத் தோட்டப் பாடசாலைக்கும் ஸ்மார்ட் பலகை. போன தடவை ஊருக்குப் போனபோது ஒரு பாடசாலைக்குள் எட்டிப் பார்த்தேன், எது என்று சொல்லமாட்டேன். அதிபரின் அறையில் அந்தப் பலகை இருந்தது. தூசி படாமல் பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி, மேலே சரஸ்வதி படம் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு வகுப்பு தள்ளி, பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. சேர் எங்கே என்றேன். "மாற்றலாகிப் போய்ட்டாங்க மிஸ், மார்ச்சிலேயே." அப்போது ஆகஸ்ட். என்னை மிஸ் என்று நினைத்து அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

இரண்டாவது, பத்துப் பாடசாலைகளைத் தேசிய பாடசாலை ஆக்குவேன் என்கிறார். இது எனக்கு விளங்கவே இல்லை. மாகாண சபைக்குப் போகிறவர், மாகாணத்தின் கையில் இருப்பதைக் கொழும்புக்குக் கொடுக்கவா போகிறார்? பெயர்ப்பலகை மாறும், நுழைவாயிலில் வளைவு கட்டுவார்கள். பௌதிகவியலுக்கு ஆள் வருமா?

மூன்றாவதைக் கடைசி வரியில் சின்னதாக எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் இந்த நாலு பக்கத்திலும் தங்கம். உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகளை மாகாணம் தேடி எடுத்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி பெற வழிசெய்து, ஐந்து வருடம் சொந்த வலயத்திலேயே படிப்பிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவது. கல்லூரி கொழும்பின் கையில் என்றாலும், படித்து வருகிறவரை மாகாணப் பாடசாலை ஒன்றில் உட்காரவைத்து ஐந்து வருடம் அசையாமல் பார்த்துக்கொள்வது மாகாணத்தின் காரியம். உதவி ஆசிரியராக அடிபட்டவருக்குத்தான் இந்த யோசனை வரும். அதை ஏன் கடைசி வரியில் ஒளித்துவைத்தார் என்று தெரியவில்லை.

இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது எழுபதுகளில். அந்த முப்பது வருடப் பள்ளத்தில் நாம் இழந்தது என்னவென்றால், படிப்பிக்கக்கூடிய ஒரு தலைமுறை. விஞ்ஞான ஆசிரியர் இல்லாததால் விஞ்ஞானம் படித்தவர் இல்லை, படித்தவர் இல்லாததால் ஆசிரியர் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள் மூன்று வருடத்தில் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அந்தக் குளிரில் தங்க ஓர் அறை கூடக் கிடைக்காது. நான் 1998இல் உயர்தரம் செய்தபோது உயிரியல் படிக்க ஆசை. நடந்து போகிற தூரத்தில் இருந்தது 1சி வகைப் பாடசாலை, கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானத்துக்கு 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும், விடுதிக் காசு வேண்டும். தமிழும் புவியியலும் இந்து நாகரிகமும் எடுத்தேன். இங்கிலாந்துக்கு வந்து முப்பத்தைந்து வயதில் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உயிரியல் படித்தேன்.

பெண்களுக்கு என்று ஒரே ஒரு வாக்கியம்: "மலையகத் தாய்மாரின் கௌரவம் காக்கப்படும்." தம்பி, கௌரவம் இருக்கட்டும். காலை ஏழரைக்கு மலைக்கு ஏறுகிற பெண்ணுக்கு மதியம் நிறுவைக்கு இறங்கும் வரை ஒதுங்க ஓர் இடம் இல்லை. என் அம்மா அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்கமாட்டார். நாற்பத்தெட்டு வயதில் சிறுநீரகக் கல். கொழுந்தெடுப்பது பெண்கள், தோட்டத் தலைவர் ஆண், மாவட்டத் தலைவர் ஆண், துண்டுப்பிரசுரம் எழுதுவதும் ஆண். அதனால் கழிப்பறை யார் கண்ணிலும் படுவதில்லை. மலையில் கட்டவேண்டியது கம்பனிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாகாண சுகாதாரத் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது, அதன் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தோட்டத்துக்குள் அனுப்பச் சொல்லிக் கேட்கலாமே.

வீட்டுக் காணிக்கு இருபது பேர்ச் (நம் ஊர்க் காணி அளவு) என்கிறார். ஏழு பேர்ச் தருவதற்கே மூக்கால் அழுதார்கள். டிட்வா புயலுக்குப் பிறகு இடம்பெயர்ந்த நம் சனத்துக்குப் பாதுகாப்பான மண் எங்கே என்ற கேள்வி ஒரு பிரசுரத்துக்குள் அடங்காது. தோட்டங்கள் 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன, மண் அரசாங்கத்துடையது. இதற்குத் தனி மடல் போடுகிறேன்.

சரி, இரண்டு இலட்சம். டொரொண்டோ அண்ணா, கோபிக்காதீர்கள், நான் வேண்டாம் என்கிறேன். சங்கக் காசு புலமைப்பரிசில் பிள்ளைகளுக்காகச் சேர்த்தது. இன்றைக்கு இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு மேல்பிரிவிலிருந்து இன்னொருவர் வேறு சின்னத்தில் நிற்பார், அப்போது என்ன செய்வோம்? நமக்கு வெளிநாட்டிலிருந்து வோட்டும் கிடையாது. கொடுக்க விரும்புகிறவர்கள் சொந்தக் காசில் கொடுக்கட்டும். நான் இருபதாயிரம் அனுப்புகிறேன், அந்தக் கடைசி வரிக்காக.

கூடலூர் மாமாவுக்கு ஒன்று. உங்கள் அப்பா கப்பலேறிய கதையை எனக்கும் என் தாத்தா சொல்லியிருக்கிறார், இலங்கையும் இந்தியாவும் 64ஆம் வருடம் போட்ட ஒப்பந்தத்தில் என் தாத்தாவின் பெயர் இலங்கைப் பக்கம் விழுந்தது, அவருடைய தம்பியின் பெயர் இந்தியப் பக்கம். உங்களுக்கு வேலை இல்லை என்பது நியாயம்தான். ஆனால் நீங்கள் ஓய்வு பெற்ற கணித வாத்தியார். நுவரெலியாவில் ஒரு வலயத்துக்கு எத்தனை கணித ஆசிரியர் வேண்டும் என்று கணக்குப் போடத் தம்பிக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சூம் கூட்டத்துக்குத் தம்பி வருவதாகச் செயலாளர் அண்ணன் சொன்னார். அந்த ஒப்பந்த யோசனையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்பேன். சோலை வரிக்கு யாராவது என்னோடு சேர்ந்து பேசுங்கள். எனக்கு அன்றைக்கும் இரவு வேலை. இங்கே ஆறு மணிக்குப் பாதியில் எழுந்து போனால் கோபித்துக்கொண்டு போனதாக நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
மேல்பிரிவு, ஐந்தாம் நம்பர் லயத்துப் பிள்ளை