சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு வேண்டியது அட்டவணையா, ஆளா?

மாடித் தையல் (கோவை):
நேரம் போதவில்லை என்று தொழில் செய்யும் பெண்கள் எல்லோருமே சொல்கிறோம். நம் வேலை நேரத்தை நாமே மதிக்காததுதான் அதற்குக் காரணம் என்பது என் கட்சி. வீட்டு மாடியில் பிளவுஸ் தைக்கிறேன். வீட்டில் இருப்பவள்தானே என்று காலையிலேயே அளவு பிளவுஸோடு ஒருவர் வருவார். மதியம் சாப்பிட உட்காரும்போது "ஒரு ஹூக் மட்டும் வைச்சுக் குடுங்க" என்று இன்னொருவர் வருவார். ஒவ்வொரு தடவையும் மிஷினை விட்டு எழுந்து போய்வந்தால், எங்கே விட்டோம் என்று பார்ப்பதற்கே நேரம் போய்விடும்.

இப்போது அளவு எடுப்பதும் டெலிவரியும் மாலை 5 முதல் 7 வரைதான் என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டேன். கட்டிங் எல்லாம் ஒரே நாளில். தைக்கும்போது மெரூன் நூல் கோர்த்தால் மெரூன் பிளவுஸ் அத்தனையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த நூலுக்கும் பாபினுக்கும் கை போகும். தீபாவளி ஆர்டரை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போனவர்கள்கூடப் பொங்கலுக்குத் திரும்பி வந்தார்கள். அட்டவணை போட்டு அதில் கறாராக நின்றால் எந்தத் தொழிலும் நடக்கும்.

மாவுக்கடை (மதுரை):
அக்கா, பிளவுஸ் காத்திருக்கும், இட்லி மாவு காத்திருக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவைப்பது என் தொழிலில் நடக்காது. வெயில் காலத்தில் மாவு சீக்கிரமே பொங்கிப் புளித்துவிடும். அன்றன்றைக்கு ஊறப்போட்டு அன்றன்றைக்கு ஆட்டியாக வேண்டும். வாங்குகிறவர்களும் அவர்கள் அடுப்பு பற்றவைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள். காலையில் ஒரு கூட்டம், ராத்திரி டிபனுக்கு ஒரு கூட்டம். அந்த ரெண்டு நேரமும்தான் என் வீட்டிலும் அடுப்படியில் ஆள் நிற்க வேண்டிய நேரம். அட்டவணை எங்கே போடுவது?

ஒரு கணக்கு சொல்கிறேன். மத்திய அரசு 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 2019-ல் 299 நிமிடமும், 2024-ல் 289 நிமிடமும் அதில் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிடம், பிறகு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததென்றால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. நாம் விட்ட வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. குழந்தையையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்கிற நேரம் இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு.

ஈரோடு சேலைகள்:
எனக்கு ரெண்டு பேர் சொல்வதுமே பாதிதான் சரியாகப் படுகிறது. காலை நாலு மணிக்கு எழுந்து பாருங்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள், போன் அடிக்காது. புது சேலைகளுக்குப் போட்டோ, விலை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஆறு மணிக்குள் எனக்கு முடிந்துவிடும். ராத்திரி எத்தனை மெசேஜ் வந்திருந்தாலும் பதில் காலையில்தான். நம் அம்மாக்கள் விடியலில்தான் பாதி வேலையை முடித்தார்கள்.

மாவுக்கடை (மதுரை):
ராத்திரி வியாபாரம் முடிந்து, கிரைண்டர் கல்லைக் கழுவி, மறுநாளைக்கு உளுந்து களைந்து வைத்துப் படுக்கவே பதினொன்றரை ஆகிறது. நாலு மணிக்கு எழுந்தால் தூக்கம் நாலரை மணி நேரம். நேரத்தை மிச்சம் பிடியுங்கள் என்று நமக்குச் சொல்கிறவர்கள் எல்லாம் கடைசியில் தூக்கத்தைத்தான் வெட்டச் சொல்கிறார்கள். அம்மாக்கள் செய்தார்கள், சரி. ஐம்பது வயதுக்குள் அவர்கள் இடுப்பும் முழங்காலும் என்ன ஆயின என்பதையும் நாம்தான் பார்த்தோம்.

எனக்கு நிஜமாகவே நேரம் கிடைத்தது ஒரே ஒரு முறை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 25 முதல் தமிழ்நாடு முழுக்க வந்தது. மகளுக்குப் பள்ளியிலேயே பொங்கலோ உப்புமாவோ கிடைக்க ஆரம்பித்ததும், காலைக் கூட்டத்தை நிம்மதியாகக் கவனிக்க முடிந்தது. அட்டவணையில் நான் எதையுமே மாற்றவில்லை. ஒரு வேலையை வேறு கை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மாடித் தையல் (கோவை):
அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேலை கை மாறினால், காலியான அந்த நேரத்தில் யாராவது இன்னொரு வேலையைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்களே? "சும்மாதானே இருக்கே, பேங்குக்குப் போய்ட்டு வா" என்பார்கள். மாமியார் நல்லவர்தான், அவருக்கும் மிஷின் சத்தம் கேட்டால்தான் நான் வேலை பார்க்கிறேன் என்று அர்த்தம். துணி மேல் சாக்பீஸ் கோடு போட்டு யோசித்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் வேலையே இல்லை. அதனால்தான் வாசலில் ஒட்டிய தாள் வாடிக்கையாளருக்கு மட்டும் இல்லை, வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் என்கிறேன்.

ஆள் வேண்டும் என்பதும் சரிதான். ஹெம்மிங், ஹூக், சேலைக்கு ஃபால்ஸ் எல்லாம் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பீஸ் கூலிக்குக் கொடுக்கிறேன். கட்டிங் மட்டும் என் கையை விட்டுப் போகாது.

வரிக் கணக்கு (திருச்சி):
சின்னத் தொழில்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன், நேரம் மிச்சமாகிற வழி என்பதால் குறுக்கே ஒன்று. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பலர் மாதாமாதம் ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) போட்டு அல்லாடுகிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போகாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வழி இருக்கிறது. வரியை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

மாவுக்கடை (மதுரை):
பீஸ் கூலி யோசனை நல்லதுதான் அக்கா. அந்தக் கூலி எங்கிருந்து வரும்? ஒரு கிலோ மாவுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், கவர் என்று கூட்டி அதற்கு மேல் கொஞ்சம் வைத்து விற்கிறோம். நம் உழைப்புக்கு அதில் பைசா கிடையாது. அப்படி விலை வைத்துவிட்டு ஆள் போட்டால் கைக்காசுதான் போகும்.

மாடித் தையல் (கோவை):
அதற்குத்தான் முதலில் விலையைத் திருத்தச் சொல்வேன். ஒரு லைனிங் பிளவுஸுக்கு எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பார்த்து எழுதினேன். நம் ஊரில் ஒரு டெய்லருக்குக் கொடுக்கிற கூலியை அந்த நேரத்துக்குப் போட்டுத்தான் விலை வைத்தேன். அவசரம் என்று வந்தால் தனிக் கட்டணம். சிலர் போனார்கள், ஆனால் தைக்க வேண்டிய எண்ணிக்கை குறைந்தும் வருமானம் குறையவில்லை.

ஈரோடு சேலைகள்:
எங்களுக்கு அது கஷ்டம் அக்கா. அதே சேலையை அடுத்த குரூப்பில் ஐம்பது ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவார்கள்.

மாவுக்கடை (மதுரை):
மாவுக்கும் அப்படித்தான். ஆனாலும் இந்த வாரம் என் நேரத்தையும் சேர்த்து விலையை எழுதிப் பார்க்கிறேன். கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினால் சாயங்காலக் கூட்டத்துக்குக் கவர் போட ஒரு ஆள் வைக்க முடியுமா என்று தெரிந்துவிடும். வாசலில் தாள் ஒட்டுவதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. என் வீட்டில் அடுப்படியை ராத்திரி வேளைக்கு வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அது நடக்காமல் எந்த நேரத்தை எழுதி ஒட்டினாலும் அதில் நிற்க என்னால் முடியாது.