ரோடமின் 6ஜி-ல ராமன் எடுத்தா ஃப்ளோரசன்ஸ் மட்டும்தான் வருது, என்ன பண்ணலாம்?

சாயக்கரைசல்:
வணக்கம். எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ரோடமின் 6ஜி-ங்கிற ஒளிரும் சாயத்த எத்தனால்ல கரைச்சு 532 நானோமீட்டர் லேசர்ல ராமன் (மூலக்கூறோட அதிர்வால நிறம் மாறிச் சிதறுற ஒளி) எடுக்குறேன், ஸ்பெக்ட்ரம் முழுக்க ஃப்ளோரசன்ஸோட (சாயம் உறிஞ்சிட்டு திருப்பி விடுற ஒளி) ஒரே பெரிய மேடு, பீக்குன்னு ஒண்ணுமே தெரியல. தண்ணியா ஆக்கியும் பாத்தாச்சு, பவர் குறைச்சும் பாத்தாச்சு. இன்னொண்ணு, மூலக்கூறு எக்ஸைட் ஆகி (ஒளிய வாங்கி மேல் ஆற்றல் நிலைக்குப் போய்) இருக்கும்போதே அதோட ராமன எடுக்கலாம்னு கைடு சொன்னாங்க, அது சின்ன லேப்ல முடியுமா?

பச்சைலேசர்:
ரோடமின் உறிஞ்சுறதே 530 நானோமீட்டர் பக்கத்துலதான், அங்கயே போய் 532 அடிச்சா உள்ள வாங்கின ஃபோட்டான் 100-ல 95 ஃப்ளோரசன்ஸாதான் வெளிய வரும். அதோட 612-லேர்ந்து 1650 செமீ⁻¹ வரைக்கும் உள்ள முக்கியமான ராமன் பீக்கெல்லாம் 550-583 நானோமீட்டர்ல விழுது, சாயம் பளிச்சுனு ஒளிர்றதும் அதே இடம், அதனால எவ்ளோ நீர்த்தாலும் ரெண்டும் சேர்ந்துதான் குறையும். 785 லேசர் இருந்தா மாத்துங்க, ஆனா ரெசனன்ஸ் (சாயம் உறிஞ்சுற நிறத்துலயே அடிச்சா ராமன் பெருகுறது) போயிடும், அதனால பவுடராவே வச்சு எடுங்க. இல்லன்னா சில்வர் நைட்ரேட்டும் சோடியம் சிட்ரேட்டும் கொதிக்க வச்சு வெள்ளி கொலாய்டு (நுண் வெள்ளித் துகள் மிதக்குற கரைசல்) பண்ணி கொஞ்சம் உப்பு சேருங்க, சாயம் வெள்ளி மேல ஒட்டினதும் ஃப்ளோரசன்ஸ் அமுங்கிடும், ராமன் எகிறும். 1997-ல ஒத்த ரோடமின் மூலக்கூறோட ராமனையே இப்படி எடுத்துட்டாங்க!

நானோசெகண்ட்:
ரெண்டாவது கேள்விக்கு வரேன். ரெண்டு பல்ஸ் வேணும், முதல்ல பம்ப் எக்ஸைட் பண்ணும், பின்னாடி வர்ற ப்ரோப் ராமன் எடுக்கும், பம்ப் இல்லாம எடுத்தத கழிச்சிட்டா மிச்சம் எக்ஸைட் ஆனது. ரோடமின்ல இத ஆரம்பிக்காதீங்க, அது 4 நானோ செகண்ட்ல ஒளிர்ந்து முடிஞ்சிடும், அதோட ஃப்ளோரசன்ஸ வெட்டணும்னா 4 பிகோ செகண்ட் மட்டும் திறக்குற கெர் கேட் (லேசர் பல்ஸால திறந்து மூடுற ஒளிக் கதவு) மாதிரி செட்டப் வேணும், அது பெரிய லேப் சமாச்சாரம். பென்சோஃபீனோன் எடுங்க. ஒரே என்டி-யாக் லேசர்லேர்ந்து 355 நானோமீட்டர் பம்ப், 532 ப்ரோப், அதோட ட்ரிப்ளெட் (ரெண்டு எலக்ட்ரானோட ஸ்பின் ஒரே திசையில இருக்குற எக்ஸைட் ஆன நிலை) 530 பக்கத்துல நல்லா உறிஞ்சும், ஃப்ளோரசன்ஸ் தொல்லையும் கிடையாது. சாதாரணமா 1660 செமீ⁻¹ பக்கத்துல இருக்குற கார்பன்-ஆக்சிஜன் பீக் ட்ரிப்ளெட்ல 1222-க்கு இறங்கிடும், அதாவது டபுள் பாண்டா இருந்தது கிட்டத்தட்ட சிங்கிள் பாண்டா ஆயிடுச்சு. எலக்ட்ரான் பை ஸ்டார்ல (பாண்ட பலவீனமாக்குற ஆர்பிட்டால்) போய் உக்காந்தத அப்படியே கண்ணால பாக்குற மாதிரி, எனக்கு இந்த ஃபீல்டுலயே ரொம்பப் பிடிச்ச ஸ்பெக்ட்ரம் இதுதான். நைட்ரஜன் விட்டு ஆக்சிஜன வெளியேத்திடுங்க, இல்லன்னா ட்ரிப்ளெட் சீக்கிரம் செத்துரும்.

சாயக்கரைசல்:
ரொம்ப நன்றிங்க. ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல என்டி-யாக் இருக்கு, கேட்டுப் பாக்குறேன். சால்வென்ட் எத்தனாலே போதுமா?

நானோசெகண்ட்:
ஐயோ எத்தனால் வேண்டாம், ட்ரிப்ளெட் அதுலேர்ந்து ஹைட்ரஜன புடுங்கி கீட்டைல் ராடிக்கலா (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள வேற மூலக்கூறு) மாறிடும், நீங்க அதோட ராமன எடுத்துட்டு இருப்பீங்க. அசிட்டோநைட்ரைல் போடுங்க, அந்தப் பக்கத்துல அதோட சொந்த பெரிய பீக் 918, 1374 செமீ⁻¹-லதான், 1222 கிட்ட இடைஞ்சல் இல்ல.