மறு: ‘ஃபோமைட்’ – தமிழில் என்ன சொல்வோம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நோய்க்கிருமி ஒட்டியிருந்து, அதைப் பரப்பக்கூடிய உயிரற்ற பொருளை ஆங்கிலத்தில் ‘ஃபோமைட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘நோய்க்கடத்தி’ என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, அப்படி வைத்தால் கொசுவும் பால் கேனும் ஒன்றாகிவிடும். 2019இல் ஒடிசாவில் தலைகாட்டிப் பிறகு பல மாநிலங்களுக்கும் பரவிய தோல் கழலை நோயை மாட்டுக்கு மாடு கொண்டுபோவதில் ஈ, கொசு, உண்ணிக்குப் பெரிய பங்கு உண்டு. அவை தாமாகத் தேடிப்போய்க் கடிக்கின்றன. அவற்றைக் கடத்தி என்பது சரி. கோமாரியில் பூச்சிக்கு அந்த வேலை இல்லை. வாயிலும் குளம்பிலும் கொப்புளம் உடைந்த மாட்டின் எச்சிலோ பாலோ சாணமோ எதன்மேல் பட்டாலும் வைரஸ் அங்கே தங்கிவிடும். குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் வாரக்கணக்கில்கூடத் தாங்கும். அந்தப் பொருள் தானாக எங்கும் போகாது, யாரோ எடுத்துப்போக வேண்டும்.

மாதவரத்தில் என் அத்தை வீட்டில் நான்கு கறவை மாடுகள் இருந்தன. பால் கறப்பவர் வியாசர்பாடியில் இரண்டு கொட்டகைகளை முடித்துவிட்டு, விடிவதற்குள் எங்களிடம் வருவார். வண்டியின் இரண்டு பக்கமும் கேன், ஹேண்டில்பாரில் பின்னங்காலைக் கட்டுகிற கயிறு, பைக்குள் ஒரு சின்ன அலுமினியக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய். விரலை அதில் தோய்த்துக் காம்பில் தடவுவார், பீய்ச்சுவார், மறுபடி தோய்ப்பார். எண்ணெயின் மேல் இரண்டு மூன்று மாட்டு முடியும் பால் நுரையும் மிதப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் வியாசர்பாடிக் கொட்டகையில் கோமாரி. அத்தை உஷாராகத் தன் மாடுகளைத் தெருவுக்கே அவிழ்த்துவிடவில்லை. அப்படியும் பத்து நாளுக்குள் சிவப்பு மாடு எச்சில் ஒழுக நின்றது, இளங்கன்று ஒன்று செத்தது. “அந்த மாடு இந்தாண்ட வரவே இல்லையே” என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார். கிண்ணமும் கயிறும் தினமும் வந்துபோனதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நமக்கு வேண்டிய சொல் அந்தக் கிண்ணத்துக்கான சொல்.

> ‘பற்றுபொருள்’ எப்படி?

அக்கா, இது மிக அழகு. இத்தாலிய மருத்துவர் ஃபிராகஸ்டோரோ 1546இல் தொற்றுக்கு மூன்று வழி சொன்னார்: நேரே தொடுவது, பொருள்கள் மூலம் வருவது, தொலைவிலிருந்து வருவது. இரண்டாவதற்கு அவர் எடுத்த லத்தீன் சொல்லுக்கு (‘ஃபோமைட்’ அதிலிருந்து வந்ததுதான்), தீப்பொறியை வாங்கிக்கொள்ளும் உலர்ந்த பஞ்சு போன்ற பொருள் என்று அர்த்தம். தீயும் பற்றும், நோயும் பற்றும். விட மனமே வரவில்லை. ஆனால் மாடு வைத்திருப்பவர்களுக்குப் ‘பற்று’ என்றால் வேறு நினைவு வரும். மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பற்றுப் போடுகிறோம். மருந்துக்கு உரிய சொல் நோய் ஒட்டிய பொருளுக்கும் வந்தால் கொட்டகையில் குழப்பம்தான்.

ஈழத்து நண்பர் சொன்ன ‘நோய்க்காவி’ நல்ல தமிழ். காவுதல் என்றால் தூக்கிச்செல்லுதல். ஆனால் வண்ணாரப்பேட்டையில் காவி என்றால் நிறம்தான். அதோடு, கடத்தியில் இருக்கும் அதே சிக்கல் இதிலும் இருக்கிறது: பொருளே நடந்துபோவது போல ஆகிவிடுகிறது.

என் முன்மொழிவு தொற்றேந்தி. ஏந்துதல் என்றால் விழுவதை வாங்கி வைத்திருப்பது, அவ்வளவுதான். கடத்தி என்று படிப்பவர் பூச்சியைத் தேடுவார். ஏந்தி என்று படிப்பவர் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். பார்த்தால் கழுவலாம். கோமாரி வைரஸ் அமிலத்தையும் தாங்காது, சோடா போன்ற காரப்பொருளையும் தாங்காது. சாணத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, லிட்டருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்த நீரில் ஊறவைத்தாலே போதுமான பலன் உண்டு. 2001இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். முதலில் சந்தைக்குப் போய்வந்த ஆடுகள் வழியாகத்தான் அது ஊர் ஊராகப் போனது. ஆனால் பண்ணை வாசலில் கிருமிநாசினி விரிப்புப் போட்டதும், வயல்வழி நடைபாதைகளை மூடியதும் செருப்பையும் டயரையும் நினைத்துத்தான்.

ஒரு கேள்வி வரும்: கறப்பவரின் கை தொற்றேந்தியா? இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உயிரற்றவற்றோடு இந்தச் சொல் நிற்கட்டும். மனிதர் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் ஒரு நாள் வரை தங்கக்கூடும் என்பதால் ஆளுக்கு வேறு சொல் தேவை, அதைத் தனி இழையில் பேசலாம்.

அகராதிப் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

தொற்றேந்தி (பெ.): நோயுயிரி ஒட்டியிருக்க, பிறர் எடுத்துச்செல்வதால் அடுத்த கொட்டகையை அடையும் உயிரற்ற பொருள். எ.கா. கறவைக் கிண்ணம், கயிறு, புண்ணாக்குக் கோணி, வண்டி டயர், செருப்பு.