மோன்சாவின் 5.9 நொடியும் அந்த மூன்று புள்ளிகளும்

சுழல்சக்கரம்:
ஃபார்முலா 1 கார் பந்தயத்தில், இத்தாலியின் மோன்சாவில் மெக்லாரன் அணி செய்தது வெறும் வரிசைச் சரிபார்ப்பு, அதனால் யாருக்கும் நட்டமில்லை என்று பப்பாயா பித்தன் நேற்று எழுதியதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று, 45ஆம் சுற்றில் டயர் மாற்றப் பிட்டுக்குள் வந்த மெக்லாரன் ஓட்டுநர் பியாஸ்ட்ரி 1.9 நொடியில் வெளியேறினார். அடுத்த சுற்றில் வந்த அதே அணியின் நாரிஸுக்கு முன்பக்க இடது சக்கரம் மாட்டாமல் மக்கர் செய்ய, வண்டி 5.9 நொடி அசையாமல் நின்றது. மூன்றாம் இடத்துக்கு இறங்கியவரை 49ஆம் சுற்றில் பியாஸ்ட்ரியை வழிவிடச் சொல்லி அணியே தூக்கி மறுபடியும் இரண்டாம் இடத்தில் வைத்தது. ஆண்டு முடிவில் நாரிஸ் 423 புள்ளி, ரெட் புல் அணியின் வெர்ஸ்டப்பன் 421. இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. அந்த மூன்றைக் கழித்துவிட்டு, உலகப் பட்டம் யார் வீட்டில் இருக்கும் என்று சொல்லுங்கள்.

பப்பாயா பித்தன்:
கழித்தல் எங்களுக்கும் தெரியும். ஓடுதளத்தில் முன்னால் இருந்தவர் நாரிஸ்; ஆகவே முதலில் டயர் மாற்றும் உரிமையும் அவருடையதே. பின்னால் இருந்த ஃபெராரியின் லெக்லேரைச் சமாளிப்பதற்காகப் பியாஸ்ட்ரியை முதலில் அழைத்தபோது, அதனால் தன் இடம் பறிபோகாது என்ற உறுதியின் பேரில்தான் அவர் விட்டுக்கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது குற்றமா?

சுழல்சக்கரம்:
வாக்கு வரிசைக்குக் கொடுக்கப்பட்டது, சக்கரத்துக்கு அல்ல. பிட்டுக்கு முதலில் வந்ததால் பியாஸ்ட்ரி இடத்தைப் பிடிக்கவில்லை, அந்த 5.9 நொடியால்தான் பிடித்தார். தாமதமான பிட் நிறுத்தம் பந்தயத்தின் ஒரு பகுதி என்று முன்பே பேசியிருந்தோமே என அவரே ரேடியோவில் கேட்டார். கேட்டுவிட்டு வழியும் விட்டார், அது அவருடைய பெருந்தன்மை.

செங்குதிரை:
ஓட்டுநருக்குள் சமநீதி என்று மேடைக்கு மேடை முழங்கிய அணிக்கு இது தேவைதான்.

பப்பாயா பித்தன்:
2002இல் ஆஸ்திரியாவில் வெற்றிக் கோட்டின் வாசலில் பாரிக்கெல்லோவை ஒதுங்கச் சொல்லி ஷூமாக்கரை ஜெயிக்க வைத்த ஃபெராரி அணியின் ரசிகர், நீதியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

செங்குதிரை:
இருபது ஆண்டுக்கு முந்தைய கதையைத் தோண்டாமல் உங்களுக்கு ஒரு பதிவும் எழுத வராது போலும். போன முறை ஃபெராரியின் 2010 ஹாக்கன்ஹைம் அணி உத்தரவை இழுத்தீர்கள், அதையும் நான் மறக்கவில்லை.

சுழல்சக்கரம்:
ஃபெராரியை விடுங்கள். என் கேள்வி 5.9.

கோவை வேகம்:
ஐயா, மூன்று புள்ளியையே பிடித்துத் தொங்குகிறீர்களே, அதற்கு முந்தைய வாரம் நெதர்லாந்தின் ஸாண்ட்ஃபோர்ட்டில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த நாரிஸின் கார் புகை கக்கி நின்றபோது 18 புள்ளி போனதே? லாஸ் வேகாஸில் அடித்தட்டுத் தேய்மானத்துக்காக இரண்டு மெக்லாரன்களும் நீக்கப்பட்டபோது இன்னொரு 18 போனதே? அதையும் கூட்டுங்கள்.

சுழல்சக்கரம்:
கார் நின்றால் அது விதி. நீக்கப்பட்டால் அது விதிமுறை. சக வீரரை ரேடியோவில் அழைத்து வழிவிடச் சொல்வது இந்த இரண்டில் எது? ஸாண்ட்ஃபோர்ட்டில் எண்ணெய் கசிந்ததற்குப் பியாஸ்ட்ரி 18 புள்ளியைத் திருப்பித் தந்தாரா? எண்ணெய் கசிந்தால் துரதிர்ஷ்டம், சக்கரம் மாட்டாவிட்டால் அநீதி என்பது எந்த ஊர் வழக்கு?

பப்பாயா பித்தன்:
2024இல் ஹங்கேரியில் இதே நாரிஸ் 68ஆம் சுற்றில் வெற்றியையே பியாஸ்ட்ரிக்கு விட்டுக்கொடுத்தார். அப்போது தாங்கள் எங்கே போயிருந்தீர்கள்?

சுழல்சக்கரம்:
இங்கேதான் இருந்தேன். அங்கே நாரிஸை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது அவரை முதலில் பிட்டுக்கு அழைத்த வரிசை. இங்கே பியாஸ்ட்ரியை முன்னால் கொண்டுவந்தது மாட்டாத சக்கரம். இந்த வேறுபாட்டை நான்காவது முறையாக எழுதுகிறேன்.

கோவை வேகம்:
மூன்றாவது முறை. எண்ணிக்கையாவது சரியாக இருக்கட்டும்.

சுழல்சக்கரம்:
அப்படியென்றால் 5.9ஐயும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், நண்பரே.